மிளகு டப்பாவில் ரோமாபுரி

ஆறாவது முதல் எட்டாவது வரை படிக்கிற வயசுப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே வரலாறு சொல்லித்தரும் பெற்றோரின் கேள்விகளுக்கு மாமாவின் பதில்கள்.

கே: ‘ஸ்டோரி ஆஃப் தி வேர்ல்டு’ புத்தகத்தைச் சின்ன வயதில் கரைத்துக் குடித்தாள் என் மகள். 11 வயதில் அதே புத்தகத்தைப் பார்த்தால் கொட்டாவி விடுகிறாள். ஏன்?
– ஒரு தாய், கோவை

ப: புத்தகம் அப்படியே இருக்கிறது, பெண் வளர்ந்துவிட்டாள். சூசன் வைஸ் பாவர் அதைத் தொடக்கப்பள்ளி வயதை மனதில் வைத்து எழுதினார். ஆறு வயது ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று கேட்கும். பதினொரு வயது ‘உனக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்கும்.

புத்தகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். அத்தியாயத்துக்கு ஒரு சாட்சியைக் கூண்டில் ஏற்றுங்கள்: ஒரு காசு, ஒரு கல்வெட்டு, ஒரு கடிதம். குறுக்கு விசாரணையை மகள் பார்த்துக்கொள்வாள்.

கே: ரோமாபுரி வரலாறு நம் ஊர்ப் பிள்ளை மனதில் ஒட்டுமா?
– ஓர் அப்பா, திருச்சி

ப: அஞ்சறைப் பெட்டியைத் திறங்கள். 408-ல் ரோமை முற்றுகையிட்ட கோத் தலைவன் அலாரிக், விலகிப் போகக் கேட்ட கப்பத்தில் பொன், வெள்ளியோடு 3,000 ராத்தல் மிளகும் உண்டு. எகிப்தில் பெரெனிகே என்ற பழைய துறைமுகத்தைத் தோண்டியபோது ஒரு ஜாடியில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. இந்தியச் சரக்கு!

வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் காசு இந்தியாவுக்கே போகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். பெரியவர் கணக்கு மிகை என்று சொல்கிற அறிஞர்களும் உண்டு. அந்த வழக்கைப் பிள்ளையிடம் விடுங்கள். கையில் பத்து மிளகு, எதிரே உலகப்படம். கேரளக் கரையிலிருந்து செங்கடலுக்குக் காற்று எந்த மாதம் தள்ளும்? ரசம் கொதிப்பதற்குள் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

கே: வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு வருஷத்துக்கு நாற்பத்துச் சொச்சம் அத்தியாயம். டிசம்பரில்தான் பன்னிரண்டாவதைத் தொட்டிருக்கிறோம்!
– சோர்ந்த தாய், சேலம்

ப: இருபதைத் தேர்ந்தெடுங்கள். மற்றவற்றுக்குக் காலக்கோட்டில் ஆளுக்கு ஒரு வரி. பந்தியில் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டவனிடம் அவியல் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

கே: மகன் டெக்சஸில் அமெரிக்கப் புரட்சி படிக்கிறான். இந்திய வரலாற்றுக்குத் தனியாக நேரம் ஒதுக்க முடியவில்லை.
– ஓர் அப்பா, டல்லாஸ்

ப: தனியாக எதற்கு? காரன்வாலிஸ் பிரபுவின் பின்னாலேயே போகச் சொல்லுங்கள். 1781-ல் யார்க்டவுனில் அவர் படை சரணடைகிறது. 1786-ல் அதே மனிதர் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரல். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்பு சுல்தானின் இரண்டு பிள்ளைகளைப் பிணையாகப் பிடிக்கிறார். அங்கே வாஷிங்டனிடம் தோற்றவருக்கு இங்கே சிலை. சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கிறார்.

அடுத்த வாரம் ஈலைஹு யேல். 1687 முதல் 1692 வரை மதராஸ் கவர்னர். 1718-ல் கனெக்டிகட்டில் ஒரு கல்லூரிக்கு ஒன்பது பொதி சரக்கும் 417 புத்தகங்களும் அனுப்பினார். கல்லூரிக்கு அவர் பேரே வைத்துவிட்டார்கள். அவர் நிர்வாகத்தில் மதராஸிலிருந்து அடிமைகளும் கப்பலேற்றப்பட்டார்கள். அதையும் மகனிடம் சொல்லுங்கள். பன்னிரண்டு வயது தாங்கும்.

கே: என் பையனுக்குச் சண்டைக் கதை மட்டும்தான் வேண்டும்!
– ஒரு தாய், ஓசூர்

ப: கொடுங்கள். இரும்புக் குழாயில் மருந்து அடைத்து மைசூர்ப் படை ராக்கெட் விட்டது. அதைப் பார்த்துப் பிரிட்டனில் காங்கிரீவ் தன் ராக்கெட்டைச் செய்தார். அது 1814-ல் பால்டிமோர் கோட்டை மீது பாய்ந்து, அமெரிக்க தேசிய கீதத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டது. குழாய்க்கு மூங்கிலை விட்டு இரும்பு ஏன் என்று மட்டும் கேளுங்கள். சண்டைக்குள் போன பையன் உலோகவியல் வழியாக வெளியே வருவான்.

கே: தேதிகளை மனப்பாடம் செய்யச் சொல்லலாமா?
– ஒரு தாத்தா, கும்பகோணம்

ப: கொஞ்சம் போதும், ஆனால் ஜோடி ஜோடியாக. 1025-ல் ராஜேந்திரன் படை ஸ்ரீவிஜயத்தில். 1066-ல் நார்மானிய வில்லியம் இங்கிலாந்தில். வில்லியம் ஒரு கால்வாயைத் தாண்டுவதற்கு 41 வருஷம் முன்பே நம்மவர்கள் வங்கக்கடலைத் தாண்டியாகிவிட்டது.

கல்வியாளர் சார்லட் மேசன் வழியில் நடப்பவர்கள் ‘நூற்றாண்டு நோட்டு’ வைத்திருப்பார்கள். நூற்றாண்டுக்கு ஒரு பக்கம் எழுத, எதிர்ப்பக்கம் படம் வரைய. உங்கள் பேரனுக்கு ஒன்று தைத்துக் கொடுங்கள். முதல் படம் பெரிய கோயில், 1010.

கே: சோழர் பெருமையைத்தானே முதலில் ஊட்ட வேண்டும்?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

ப: ஊட்டுங்கள், உத்திரமேரூர்க் கல்வெட்டோடு சேர்த்து. முதலாம் பராந்தகன் காலம், 919-லும் 921-லும் வெட்டியது. ஊர்ச்சபைக் குடவோலைக்குப் பேர் எழுத வயது 35-லிருந்து 70, கால் வேலி நிலம், சொந்த மனை, வேதப் படிப்பு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் நெருங்கிய உறவுக்கும் இடமில்லை. பிள்ளை கைதட்டும்.

தட்டி முடித்ததும் கேட்கும்: ‘நிலம் இல்லாதவங்க? அம்மா மாதிரி பொம்பளைங்க?’ அப்போது பேச்சை மாற்றாதீர்கள். பாடமே அங்கேதான் ஆரம்பம்.

கே: 1857-ஐ ஒரு புத்தகம் ‘சிப்பாய்க் கலகம்’ என்கிறது, ஒன்று ‘முதல் சுதந்திரப் போர்’ என்கிறது. என் மாமனாரோ வேலூர்தான் முதல் என்கிறார். யாரை நம்ப?
– ஒரு மருமகள், ஆரணி

ப: மூன்று பேரையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். ஒரே ஆவணத்தை வரலாற்றறிஞர்களுக்கும் பள்ளி மாணவர்களுக்கும் கொடுத்துப் பார்த்தார் சாம் வைன்பர்க் என்ற ஆய்வாளர். மாணவர்கள் முதல் வரியில் தொடங்கி இறங்கினார்கள். அறிஞர்கள் எழுதியவர் யார், எப்போது என்று முதலில் தேடினார்கள். வீட்டுக்கு மொட்டைக் கடுதாசி வந்தால் நீங்களும் அதைத்தானே தேடுவீர்கள்?

வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சி 1806 ஜூலை 10. மாமனார் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

கே: பஞ்சம், படுகொலை எல்லாம் 12 வயதில் வேண்டுமா?
– ஒரு தாய், சென்னை

ப: வேண்டும், வாசல் வழியாக மெதுவாக. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டியதுதான் சென்னைக்குள் ஓடும் பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதி. கரையில் நின்று பேசுங்கள். சனங்கள் பட்டினி கிடக்கையில் தானியம் துறைமுகத்திலிருந்து கப்பலேறியது என்று சொல்லுங்கள். எலும்பும் தோலுமாய் நிற்கிறவர்களின் புகைப்படங்கள் இன்னும் மூன்று வருஷம் அலமாரியில் இருக்கட்டும்.

கே: வெளியூர் வேலை. பாடம் நடத்த எனக்கு நேரமே கிடைப்பதில்லை.
– ஓர் அப்பா, திருப்பூர்

ப: 1930 அக்டோபரிலிருந்து 1933 ஆகஸ்டு வரை ஓர் அப்பா மகளுக்கு உலக வரலாறு முழுவதையும் 196 கடிதங்களில் எழுதினார். பெரும்பாலும் சிறையில் உட்கார்ந்து, பக்கத்தில் நூலகம்கூட இல்லாமல். ஆரம்பிக்கும்போது இந்திராவுக்கு 13 ஆகப் போகிறது. நேருவிடம் இல்லாத வாட்ஸ்அப் உங்களிடம் இருக்கிறது. வாரம் ஒரு கடிதம், ஒரு பக்கம்.

கே: ‘பொன்னியின் செல்வன்’ பார்த்தால் வரலாறு படித்ததாகுமா?
– ஒரு மாமி, மயிலாப்பூர்

ப: பார்த்த பிறகு என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டு பட்டியல் போடச் சொல்லுங்கள்: கல்லில் இருப்பது, கல்கி கற்பனை. நந்தினி கற்பனை. சதிகாரன் ரவிதாசன் பேர் உடையார்குடிக் கல்வெட்டிலேயே இருக்கிறது. அன்று ராத்திரி பிள்ளை தூங்காது.

கே: வீட்டில் பரீட்சை வைப்பது எப்படி?
– ஒரு தாய், ஈரோடு

ப: படித்ததைப் பாட்டியிடம் சொல்லச் சொல்லுங்கள். பாட்டி தூங்கிவிட்டால் மறுதேர்வு.

கே: சான்றிதழ்?
– அதே தாய், ஈரோடு

ப: தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் (என்.ஐ.ஓ.எஸ்.) நடத்தும் திறந்தநிலை அடிப்படைக் கல்வியில் ‘சி’ நிலை எட்டாம் வகுப்புக்கு இணை. அவர்களுடைய பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு 14 வயதாவது ஆக வேண்டும். அதுவரை மிளகை நுகருங்கள்.

கே: எனக்கு 12 வயசு. அம்மாதான் டீச்சர். வரலாறு ரொம்ப போர் மாமா!
– ஒரு மாணவி, மதுரை

ப: கண்ணு, உன் ஊரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கீழடி. 2023 மார்ச்சில் அங்கே அருங்காட்சியகம் திறந்தார்கள். அந்த மண்ணில் கிடைத்த பானை ஓட்டில் தமிழி எழுத்தில் ‘ஆதன்’ என்று ஒரு பேர். பானையில் ஏன் பேரைக் கீறினார்கள்? ஆதன் யார்? உன் அம்மாவுக்குத் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது.

நோட்டை எடுத்துக்கொண்டு அம்மாவோடு பஸ் ஏறு. மூன்று யூகம் எழுது. ஒவ்வொன்றுக்கும் எதிரே, எதைப் பார்த்து அப்படி நினைக்கிறாய் என்று எழுது. பிழை இருந்தாலும் பரவாயில்லை, எனக்கு அனுப்பு. அடுத்த இதழில் அதற்குத்தான் முதல் இடம்.