புரதத்துக்குச் சுண்ணாம்பு அடித்த கதை

பெண் பார்க்கப் போன இடத்தில் சித்தப்பா, "பையன் மருந்து கண்டுபிடிக்கிறான்" என்று சொன்னார். நான் மறுக்கவில்லை. பதினெட்டு வருடமாகியும் இன்னும் மறுத்தபாடில்லை.

உள்ளதைச் சொன்னால், மருந்து கண்டுபிடிப்பவர்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பவன் நான். நோய்க்குக் காரணமான புரதத்தில் ஒரு பள்ளம் இருக்கும். அதில் எந்த மூலக்கூறு கச்சிதமாகப் போய் உட்காரும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது என் மென்பொருளின் வேலை. நான் கடைசியாகத் தொட்ட கண்ணாடிக் குழாய் எம்.எஸ்சி. ஆய்வுக்கூடத்தில் இருந்தது. அதையும் உடைத்து அபராதம் கட்டினேன்.

முதல் வேலையில் என்னிடம் கொடுத்தது சின்னக் காரியம்தான். புரதங்களின் வடிவம் பதிந்திருக்கும் பி.டி.பி. கோப்பைப் படிக்க ஒரு நிரல் எழுத வேண்டும். பி.டி.பி. என்ற புரதத் தரவு வங்கி 1971-ல் தொடங்கியது. அதன் கோப்பில், துளை அட்டைக் காலத்து வழக்கப்படி வரிக்கு 80 கட்டம். எது எந்தக் கட்டத்தில் என்பதில் படு கறார். அணுவின் பெயருக்கு 13 முதல் 16 வரை. 'சிஏ' என்பது 14-ல் தொடங்கினால் ஆல்பா கார்பன், 13-ல் தொடங்கினால் கால்சியம். நானோ சுத்தக்காரன். முன்னாலும் பின்னாலும் இருந்த வெற்றிடங்களை வழித்துத் துடைத்துவிட்டுத்தான் பெயரையே படித்தேன்.

அமினோ அமிலத்துக்கு ஒன்று வீதம் ஆல்பா கார்பன். முன்னூறு அமினோ அமிலம் கொண்ட புரதத்தில் முன்னூறு கால்சியம். ஒவ்வொன்றுக்கும் +2 மின்னேற்றம் வேறு. எதிர்மின்னேற்றமுள்ள எதைக் காட்டினாலும் புரதம் பாய்ந்து கட்டிக்கொண்டது. அப்படியொரு பொருத்த மதிப்பெண்ணை யாரும் பார்த்ததில்லை. மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், மூன்று ஆச்சரியக்குறிகளோடு. பக்கத்து மேசைக்காரர் திரையை எட்டிப் பார்த்தார். "சார், இது புரதமா, எலும்பா?"

இதில் கூடுதல் கேவலம், நான் படித்தது சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில். ஜி.என். ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும் அதே பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டுதான், ஆல்பா கார்பனின் இரு பக்கப் பிணைப்புகளும் எப்படியெல்லாம் திரும்ப முடியும் என்று 1963-ல் உலகத்துக்கு வரைந்து காட்டினார்கள். அந்தப் படத்தைத் தேர்வில் இரண்டு முறை வரைந்து மதிப்பெண் வாங்கியவன், ஆல்பா கார்பன் ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

அதோடு திருந்தினேன் என்று சொல்ல ஆசைதான். இரண்டு வருடம் கழித்து, கிலோஜூலில் வந்த பிணைப்பு ஆற்றலைக் கிலோகலோரி என்று படித்தேன். ஒரு கலோரி 4.184 ஜூல். மைனஸ் 9 மைனஸ் 38 ஆனது. இந்த முறை புத்தி வந்திருந்தது, மின்னஞ்சல் அனுப்பவில்லை. கேன்டீனில் வாய்விட்டுச் சொன்னேன்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா மாத்திரை டப்பாவை என் முன்னால் கவிழ்த்தாள். "இத்தனைல ஒண்ணாவது நீ கண்டுபிடிச்சதாடா?"

ஒவ்வொரு அட்டையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஏதோ தேடுகிறவன் போல. கடைசி அட்டை கால்சியம்.

"இதுல மட்டும் எனக்குக் கொஞ்சம் கை உண்டும்மா."

"அதான் வாயில போட்டா சுண்ணாம்பாட்டம் இருக்கு" என்றாள்.