கார் கழுவுதலும் கறை உண்டாதலும்: ஒரு டெல்டா ஆராய்ச்சி

கோயில் ஆடல் மகளிரான தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயரையும், எந்தச் சிறகில் எத்தனையாவது வீட்டில் யார் குடியிருந்தார் என்பதையும் ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயில் கல்லில் வெட்டுவித்தான். அறிஞர்கள் அதை மைப்படி எடுத்து அச்சிட்டும் விட்டார்கள். அதே ஊரில் கார் பானெட்டின் மேல் வாரந்தோறும் பொறிக்கப்படும் வெள்ளை வட்டங்களுக்கு மட்டும் பதிப்பாசிரியர் வாய்க்கவில்லை. அக்குறை தீர்க்க எழுந்த இக்கட்டுரையின் துணிபு ஒன்றே: டெல்டாவில் காரின் கறைக்கு முதற்காரணம் காரைக் கழுவுவது. கழுவாத காரில் புழுதி இருக்கும், வட்டம் இருக்காது. உச்சி வெயிலில் ஓஸ் பைப்பால் போர் தண்ணீரைப் பீய்ச்சி, தானே காயட்டும் என்று விடப்பட்ட காரில்தான் வட்டம் தோன்றும்.

காரணம் மண்ணுக்கடியில் இருக்கிறது. ஊரார் உப்புத் தண்ணி என்று ஒதுக்கும் நீரில் கால்சியம், மக்னீசியம் பைகார்பனேட்டுகள் கரைந்திருக்கின்றன. சூடேறிய தகட்டில் நீர் ஆவியாகி, கரியமில வாயுவும் பிரிந்தபின் தங்குவது கால்சியம் கார்பனேட். வெந்நீர் அண்டாவின் அடியில் படிவதும் இதே சரக்குதான். வேறு நீர் கிடைக்காத இடத்தில் லிட்டருக்கு 600 மில்லிகிராம் கடினத்தன்மை வரை குடிநீரில் பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அத்தகைய நீர் ஒரு லிட்டர் பானெட்டில் காய்ந்தால் அரை கிராமுக்கு மேல் சுண்ணாம்பு மிச்சம். அது ஏன் புள்ளியாக இல்லாமல் வட்டமாகிறது? துளியின் விளிம்பில் நீர் வேகமாக ஆவியாவதால் உள்ளிருக்கும் நீர் விளிம்பை நோக்கி ஓடுகிறது; கூடவே துகளையும் இழுத்துச் செல்கிறது. சிந்திய காப்பித் துளியை வைத்து இதை 1997-இல் விளக்கியவர்கள் சிகாகோ ஆய்வாளர்கள். கும்பகோணத்தில் நடந்திருக்க வேண்டிய ஆராய்ச்சி அது.

மழைநீரில் சுண்ணாம்பு ஏது, மழைக்குப் பின்னும் கறை தெரிகிறதே என்பது முதல் தடை. மழை தூய்மையாகத்தான் இறங்குகிறது. ரோட்டில் நெல் காயப்போட்டுத் தூற்றிய தூசி அதற்கு முன்பே பானெட்டில் உட்கார்ந்திருக்கிறது. துடைக்காமல் விட்ட மழையும் ஒரு கழுவல்தான் என்பதால் நம் துணிபு மேலும் வலுக்கிறது. ஆயுத பூஜை விபூதியைக் கறையென்று மயங்கினீர் என்பாரும் உண்டு. ஈரவிரலால் தொட்டால் விபூதி வந்துவிடும், கார்பனேட் வராது, வழக்கு முடிந்தது.

பித்தளை விளக்கைத் துலக்கும் புளி போதாதா என்ற பாட்டிமார் கட்சியை அவ்வளவு எளிதில் தள்ள முடியாது. செம்பின் களிம்பைக் கரைப்பதில் புளிக்கு நிகரில்லை. ஆனால் புளியின் டார்டாரிக் அமிலம் கால்சியத்தோடு சேர்ந்தால் பிறப்பது நீரில் லேசில் கரையாத உப்பு. போதாக்குறைக்குப் புளியின் கோதும் மணலும், மயிரிழையைவிட மெல்லிய கிளியர் கோட்டைக் கீறிவிடும். எலுமிச்சையின் சிட்ரேட்டும் கரையத் தயங்கும் இனமே. ஆகையால் பூஜையன்று அந்தப் பழத்தைச் சக்கரத்தின் கீழ் வைப்பது வேதியியல்படியும் சரியான இடம். வினிகர் தரும் கால்சியம் அசிடேட்டோ உடனே கரைந்துவிடும். சம அளவு தண்ணீர் கலந்து, நிழலில், தகடு குளிர்ந்தபின் மெல்லிய துணியால் ஓரிரு நிமிடம் ஒற்றிக் கழுவினால் போதும். அதற்கும் அசையாத வட்டம் பூச்சையே அரித்துவிட்டது. இனி பாலிஷ் போடுபவர் பாடு.

மேட்டூர் திறந்து கல்லணைக்கு வரும் ஆற்று நீரில் கழுவலாமே என்பது கடைசித் தடை. காவிரியில் கர்நாடகம் தமிழகத்துக்கு விட வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொன்ன 177.25 டி.எம்.சி.யில் பானெட்டுக்கென்று பங்கு எதுவும் சொல்லப்படவில்லை. குறுவைக்காரரிடம் கேட்டுப் பார்ப்பதும் உசிதமல்ல. எனவே கார் உடையோர் ஒரு வாளித் தண்ணீரோடு நிறுத்தி, அது காய்வதற்குள் துண்டை எடுத்துத் துடைத்துவிடுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.