குப்பை எழுத்தின் திணைகள்: ஓர் ஆராய்ச்சி

லினக்ஸில் ஒரு கோப்புக்குத் ‘தமிழ்’ என்று பெயர் வைத்தார்க்குத் திரையில் தோன்றும் குப்பை மூவகைப்படும். மூன்றையும் ஒன்றெனக் கொண்டு, “ஃபான்ட் பிரச்சினை சார்” என்று முடிப்பாரும் உளர். அது பொருந்தாது. என்னை? குப்பைக்கும் திணை உண்டாகலின்.

முதலாவது எண்திணை. லொக்கேல் ‘சி’ என்று இருக்குமிடத்து, எல்எஸ் கட்டளை தமிழை எழுத்தென ஏற்காது. தகரத்தை 340, 256, 244 என்று எட்டின் கணக்கில் ஒப்பிக்கும். யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். பழைய எல்எஸ் அம்மூன்றுக்கும் மூன்று கேள்விக்குறி போட்டுவிட்டுப் போய்விடும். இங்கே லாங் மாறியைத் திருத்தித் திருத்தி மாய்வது வீண். எல்சி_ஆல் எங்கோ ‘சி’ என்று உட்கார்ந்திருந்தால் அதன் சொல்லே செல்லும். வீட்டுக்கு வீடு இப்படி ஒரு பெரியப்பா உண்டு. அவரை எழுப்பிவிட்டாலும், கேட்ட லொக்கேல் அந்த சர்வரில் உருவாக்கப்படவில்லையெனில் பெர்ல் நீண்டதோர் எச்சரிக்கை பாடிவிட்டு மறுபடி ‘சி’யிலேயே போய் அடங்கும்.

இரண்டாவது முத்திரைத்திணை. யுடிஎஃப்-8 பைட்களை முனையம் லத்தீன்-1 என நம்பிப் படிப்பதால் பிறப்பது. தலையில் சாய்கோடு தாங்கிய ‘ஏ’, அதன் பின்னே வட்டத்துக்குள் ‘ஆர்’ போட்ட வணிக முத்திரை என்று வரிசை நீளும். ‘தமிழ்’ என்னும் ஒரு சொல்லில் இம்முத்திரை ஐந்து; மகரத்துக்கு மட்டும் இரண்டு. அதன் இரண்டாம் பைட்டும் மூன்றாம் பைட்டும் ஒன்றேயாதலின். (தமிழை யார் பெயரில் பதிவு செய்தார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது.) இத்திணையில் கோப்பு குற்றமற்றது, முனையத்தின் குறியாக்கத்தை மாற்றினால் போதும். ஆர்வக்கோளாறால் ஐகான்வ் ஓட்டிக் கோப்பையே ‘திருத்துவார்’ கையில்தான் பொய்க்குப்பை மெய்க்குப்பை ஆகிறது.

மூன்றாவது கட்டத்திணை. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்திப் புகும் அசல் கன்சோலுக்கே உரியது. லொக்கேல் சரி, பைட் சரி, தெரிவதோ கட்டம். கர்னல் ஒரு நேரத்தில் தாங்கும் எழுத்துருவம் 512; தமிழெழுத்தோ 247; இடமில்லையோ எனின், இடமுண்டு. ஆயின் கர்னல் அறிந்தது ஒரு குறிக்கு ஓர் உருவம், அதுவும் வந்த வரிசையில். ‘கொ’வில் ககரத்துக்குப் பின் வரும் குறி, முன்னே கொம்பாகவும் பின்னே காலாகவும் பிரிந்து நிற்க வேண்டும். அந்தப் புணர்ச்சி விதி கர்னலுக்குத் தெரியாது. ஆகவே லொக்கேலை எவ்வளவு திருத்தினும் பயனில்லை. வரைகலை முனையத்துக்குக் குடிபெயர்வாரும் உளர். ஆங்கில எழுத்தில் பெயரிட்டு அமைவாரும் உளர். பின்னவரே மிகுதி என்க.