நகப்பூச்சின் ஆயுள்: ஜார்ஜ்டவுன் வட்டாரம் குறித்த ஒரு முன்னாய்வு

1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டியவர்கள், தீபாவளிக்கு முதல்நாள் வீட்டில் பூசிய கியூடெக்ஸ் ஏன் பண்டிகை முடிவதற்குள் உதிர்கிறது என்பதற்கு ஓர் அமர்வு ஒதுக்காமல் விட்டார்கள். அந்தக் குறையை நீக்கவே இக்கட்டுரை. ஆய்வுப் பரப்பு: பினாங்கு ஜார்ஜ்டவுனின் லெபோ குயின் தெருவில் 1833 முதல் நிற்கும் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து கூப்பிடு தூரம். அதற்கு அப்பால் உதிர்வதை வேறு அறிஞர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

உதிர்வு மூவகைப்படும். நகம் தண்ணீரில் ஊறினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மேலே படிந்த நைட்ரோசெல்லுலோஸ் படலத்துக்கு அவ்வளவு நெளிவுசுளிவு தெரியாது, வெடித்துவிடும். ஆகவே பாத்திரம் கழுவக் கையுறை (அம்மா, தொட்டியடி உரைகள், முதல் தொகுதி).

எண்ணெய்ப் பசை இருந்தால் பூச்சு பிடிக்காது. முதலில் அசிட்டோனால் துடைக்க வேண்டும். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு பூச உட்காருகிறவர்களைப் பற்றி இவ்வாய்வு பேசாது.

மூன்றாவது, பொட்டல உதிர்வு. சாப்பாட்டுக் கடையில் குழம்பைத் தனியாகக் கேட்டால், பிளாஸ்டிக் பையின் கழுத்தை முறுக்கி ரப்பர் பேண்டை இறுக்கிச் சுற்றித் தருகிறார்கள். கடைசிச் சுற்று எங்கே ஒளிந்திருக்கிறது என்பது சுற்றியவருக்கும் ஆண்டவனுக்கும்தான் வெளிச்சம். ஆள்காட்டி விரல் நகத்தின் நுனியை அதன் அடியில் நுழைத்து நெம்ப வேண்டும். பூச்சு நுனியிலிருந்து பெயரத் தொடங்குவது இதனாலேயே. அத்தை இதை மறுக்கிறார். கத்தரி இருக்க நகம் எதற்கு என்பது அவர் வாதம் (வாய்மொழி, சமையலறை). அந்தக் கத்தரி எங்கே என்று சின்னம்மா எழுப்பிய எதிர்வினா இன்றுவரை விடையின்றி நிற்கிறது (கூடத்திலிருந்து, உரக்க, அதே நாள் மாலை). பல்லால் கடித்துப் பிரிக்கும் மரபும் உண்டு. அதற்குக் கிடைத்துள்ள ஒரே மூலச்சான்று பாட்டியின் பல்செட்டு, முன்பகுதி சிதைந்துள்ளது. (மேலும் காண்க: பெரியம்மா, ‘ஊர்ல இல்லாத ஆராய்ச்சி’, திருத்திய ஒன்பதாம் பதிப்பு, நெற்றிச் சுளிப்பு தனி இணைப்பாக, அதற்கு மாமியார் பெருமூச்சு வடிவில் அளித்த மதிப்புரை, அச்சேறவில்லை.) முடிச்சியலைக் கரைத்துக் குடித்த பேராசிரியர்கள் ஒரு பொட்டலத்தையும் தாங்களே பிரித்தவர்கள் அல்லர். துணைவியார் பிரித்து ஊற்றியதை உண்டு, முன்னுரையின் கடைசி வரியில் அவருக்கு நன்றி சொல்லிவிடுகிறார்கள்.

பரிகாரம் உண்டு. அடிப்பூச்சு, அதன்மேல் நிறத்தை மெல்லிசாக இரண்டு முறை, ஒவ்வொன்றையும் நன்றாகக் காயவிட்டு, பிறகு மேல்பூச்சு. ஒவ்வொரு முறையும் தூரிகையை நகநுனியின் விளிம்பில் இழுத்து மூடவேண்டும். ரப்பர் பேண்ட் முதலில் தாக்குவது அங்கேதான். இரண்டு மூன்று நாளுக்கொரு தரம் மேல்பூச்சை மட்டும் புதுப்பித்தால் போதும். வெளிர்நிறம் பூசிக்கொண்டு குழம்புச் சோற்றைப் பிசைகிறவர்களின் நகத்தில் மஞ்சள் ஏறும். அது பூச்சின் குற்றமன்று.

ஒப்பாய்வுக்காக மாமாவைப் பாத்திரம் கழுவவும் பொட்டலம் பிரிக்கவும் வைத்தோம். அந்த வாரம் வீட்டில் யார் நகத்திலும் ஒரு கீறல் இல்லை. மாமா நகப்பூச்சு பூசாதவர் என்பதால் அவர் தரவில் சேர்க்கப்படவில்லை.