பூதலூர்ச் சாகசக்காரர்

குன்றென்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாமல், கண்ணுக்கெட்டிய மட்டும் வயலும் வரப்பும் வாய்க்காலுமாகச் சமதளமாய்க் கிடக்கும் பூதலூர்ப் பிரதேசத்தில், ரயில் தண்டவாளம் போட்ட மேட்டைக் காட்டிலும் உயரமான சிகரம் எதையும் பிறந்த ஊரில் கண்டறியாத ஒருவர், சாகசப் படம் பிடிப்பதையே ஜீவனோபாயமாக வரித்துக்கொள்வது எப்படிச் சாத்தியம் என்று சந்தேகிப்பவர்கள், எங்கள் வீடியோ தம்பியைச் சந்தித்ததில்லை என்றே கொள்ளவேண்டும்.

தலையில் ஹெல்மெட், அதன் உச்சியில் ஒரு காமிரா, மார்பில் இன்னொன்று, முதுகுப்பையில் ட்ரோன், பையின் பக்கவாட்டில் மலையேறும் பாவனையில் சுருட்டித் தொங்கவிட்ட கயிறு (வீட்டுக் கொட்டிலில் கன்றுக்குட்டியைக் கட்டியிருந்தது என்பது பரம ரகசியம்) ஆகிய சர்வாலங்காரங்களுடன் அவர் கடைத்தெரு வழியே புறப்பட்டால், டீக்கடை பெஞ்சிலிருப்பவர்கள் தாமாகவே கால்களை மடக்கிக்கொள்வார்கள். தம்மைக் 'கதைசொல்லி' என்று அச்சிட்டு வைத்திருக்கிறார். பெண் பார்க்கப் போன இடத்தில் தகப்பனார் மட்டும் முன்ஜாக்கிரதையாக, "கம்ப்யூட்டர்ல வேலைங்க" என்று சொல்லிவிட்டார்.

அவருடைய மகத்தான காவியம் புது ஆற்றில் நிகழ்ந்தது. மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934-இல் வந்த கல்லணைக் கால்வாயைத்தான் எங்கள் பக்கத்தில் புது ஆறு என்கிறோம். கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு ஆகப்போகிறது, புதுமை மட்டும் போகவில்லை. வழக்கமான ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறந்து, கல்லணையிலும் திறந்துவிட்ட தண்ணீர் வருகிறதென்று கேள்விப்பட்டதும், தம்பி வறண்ட ஆற்று நடுவில் போய் நின்று, 'காட்டாற்று வெள்ளம் நெருங்குகிறது, உயிர் பிழைப்பேனா தெரியவில்லை' என்று நெஞ்சு படபடக்கப் பேசத் தொடங்கினார். வெள்ளமும் வந்தது, நுரையையும் சருகையும் முன்னால் தள்ளிக்கொண்டு, கணுக்கால் ஆழத்தில், கல்யாண ஊர்வலத்தின் வேகத்தில் வந்தது. அந்தச் சமயம் பார்த்து மண்வெட்டியைத் தோளில் சாத்திக்கொண்டு ஒரு பெரியவர் நிதானமாகக் குறுக்கே கடந்தார்.

"பெரியப்பா, கொஞ்சம் ஒதுங்குங்க, ஃப்ரேமுல விழுறீங்க!"

"நான் எங்கப்பா விழுந்தேன்? நீ வழுக்கிடாம நில்லு, பாசி கெடக்கு."

இரண்டாவது டேக் எடுக்கலாமென்றால், வந்த தண்ணீரைத் திரும்பிப் போய் மறுபடி வரச் சொல்ல யாருக்கும் அதிகாரமில்லை. இரவில் பாம்புக்கும் அஞ்சாமல் டார்ச் விளக்கோடு வரப்பேறி மடை திருப்புகிற அந்தப் பெரியவரையே பின்தொடர்ந்திருந்தால் நல்ல படம் கிடைத்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அதில் தம்பியின் முகம் வராது.

இந்தத் தொழிலுக்கு நம்மிடையே முன்னோர் இல்லாமலில்லை. கோட்டையூர் ஏ. கே. செட்டியார், 1937-இல் கப்பல் பிரயாணத்தில் உதித்த ஓர் எண்ணத்தைப் பற்றிக்கொண்டு, மகாத்மா காந்தியைப் பற்றிய படச்சுருள்களைத் தேசதேசாந்திரங்களில் தேடித் திரட்டி, 1940-இல் முழுநீள ஆவணப்படமாகவே வெளியிட்டார். அப்படிப்பட்டவர் தம்முடைய புகைப்படம் பத்திரிகையில் வருவதைக்கூட விரும்பாதவர். இதைத் தம்பியிடம் விஸ்தாரமாக எடுத்துரைத்தேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மூஞ்சியே காட்டலைன்னா சப்ஸ்கிரைபர் எப்படி சார் ஏறும்?" என்றார்.

அடுத்ததாகக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் வளைவுக்கொரு பாகமாக 70 பாகங்களில் எடுக்கத் திட்டம். தகப்பனார் ஆட்சேபிக்கவில்லை, கன்றுக்குட்டிக் கயிற்றை மட்டும் வைத்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார்.