தீபாவளி வரட்டும் சார்

கம்ப்யூட்டர் வாங்கப் போகிற சங்கதி எங்கள் பட்டாபிராம் நண்பர் ஒருவர் காதில் மட்டும் விழக்கூடாது. விழுந்துவிட்டால், நாம் என்ன வாங்கப் போகிறோம், எதற்காக, எவ்வளவில் என்பவற்றை ஒரு வார்த்தைகூட விசாரியாமல், சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எந்நேரமும் குத்தியிருக்கும் சிறு ஸ்குரூ டிரைவரை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு, முகத்தில் ஆழ்ந்த வியாகூலத்தை வரவழைத்துக்கொண்டு, "இப்பவா வாங்கப் போறீங்க?" என்று கேட்பார். "ஆமாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த காரியத்தைப் பார்க்கப் போகும் மனோதிடம் படைத்தவர்கள் பட்டாபிராமில் சிலர் இருக்கக்கூடும்; எனக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை. "ஏன் சார்?" என்று கேட்டுவிடுகிறோம். அவ்வளவுதான், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். உள்ளேயிருந்து காபியும் வந்துவிடும்.

எங்கள் தேவை பிரமாதமானது ஒன்றுமில்லை. வீட்டில் இருந்தது மூன்றாம் தலைமுறை ஐ3. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிடும் என்று மைக்ரோசாஃப்ட் முன்கூட்டியே அறிவித்துவிட்டபடியாலும், விண்டோஸ் 11 என்பது இன்டெல் வகையில் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் கீழ்ப்பட்டவற்றை வாசலிலேயே தடுத்து நிறுத்திவிடுகிறபடியாலும், அந்தப் பழைய பெட்டிக்கு ஓய்வு கொடுத்தாக வேண்டியிருந்தது. மனைவி தம் மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கை எழுத வேண்டும். கல்லூரியில் படிக்கும் பெண் பிராஜெக்ட் செய்ய வேண்டும். நான் இம்மாதிரி ஏதாவது கிறுக்க வேண்டும். 8 ஜி.பி. ராம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. தாராளம். மானிட்டரும் கீபோர்டும் யு.பி.எஸ்ஸும் இருப்பவையே போதும். கையில் 30,000 ரூபாய். சென்னை ரிச்சி தெருவில் இதற்கு இரண்டு மார்க்கங்கள் உண்டு: உதிரிகளாக வாங்கி அசெம்பிள் செய்துகொள்ளலாம்; அல்லது ஐ.டி. கம்பெனிகள் சில வருஷம் உபயோகித்துக் கழித்துவிட்ட ஆப்டிபிளெக்ஸ், எலைட்டெஸ்க், திங்க்சென்டர் முதலியவற்றில் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத ஒன்றைத் தட்டிப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். மின்சார ரயில் ஏறி மூர் மார்க்கெட்டில் இறங்கினால் ஒரு பிற்பகலில் முடிந்துவிடும் காரியம்.

ஆனால் அது ஆனி மாதம். "பத்து நாள்ல ஆடித் தள்ளுபடி போடுவான், இப்ப போய் முழு விலை கொடுப்பாங்களா?" என்றார். ஆடி வந்தது. ஆடித் தள்ளுபடி பட்டுப் புடவைக்கும் மிக்ஸிக்கும் வந்த அளவுக்கு மதர்போர்டுக்கு வரவில்லை என்பதை நான் தெரிவித்துக்கொண்டிருந்த அதே வாரத்தில், 2025 ஆகஸ்ட் 15-ஆம் தேதி, செங்கோட்டைக் கொத்தளத்திலிருந்து பிரதமர் ஜி.எஸ்.டி. சீர்திருத்தத்தைத் தீபாவளிப் பரிசாகத் தரப்போவதாக அறிவித்தார். அன்று மாலையே நம்மவர் வந்துவிட்டார். "பார்த்தீங்களா! அவசரப்பட்டு வாங்கியிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்ற அந்த வினாவில், வரியைக் குறைக்கச் சொல்லி டில்லிக்கு யோசனை கூறியவரே தாம்தான் என்ற தோரணை இருந்தது. செப்டம்பர் 22-ஆம் தேதி புதிய வரி அமலுக்கு வந்தது. ஏ.சி.க்கும் பெரிய டி.வி.க்கும் 28 சதவீதம் 18 ஆகக் குறைந்தது. கம்ப்யூட்டர் ஏற்கெனவே 18-இல்தான் இருந்தது, 18-லேயே இருந்துவிட்டது. இதைச் சற்று மனத்தாங்கலுடனேயே அவரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் ஒரு கணமும் திகைக்கவில்லை. "அது கிடக்கட்டும். இன்னும் ஒரு மாசந்தானே? ஆஃபர் எல்லாம் சேர்ந்து வரும். தீபாவளி வரட்டும் சார்!"

தீபாவளியும் வந்து போயிற்று; அவருடைய காரணங்கள் வற்றவே வற்றா. புதிய தலைமுறை பிராசஸர் வரப்போகிறது, வந்தால் பழையதன் விலை சரியும் என்பது ஒன்று. வந்தபின், புதியதில் ஏதாவது கோளாறு இருக்கும், ஆறு மாதம் போனால்தான் தெரியும் என்பது மற்றொன்று. எல்லாவற்றிற்கும் சிகரமானது டைடல் பார்க் பற்றிய அவருடைய சித்தாந்தம். நம் ஊரில் எந்த மொட்டை மாடியில் ஏறி நின்றாலும் கண்ணில் படுகிற அந்த 21 மாடிக் கட்டடம் 2024 நவம்பரில் திறக்கப்பட்டதல்லவா? அதற்குள் கம்பெனிகள் வரும். வந்து ஆயிரக்கணக்கில் புதிய கம்ப்யூட்டர்கள் வாங்கும். வாங்கியவற்றை மூன்று நான்கு வருஷங்களில் மொத்தமாகக் கழிக்கும். கழிக்கிற சமயத்தில் ரிச்சி தெரு வரை போவானேன், வாசலிலேயே சல்லிசாக வாங்கிவிடலாம் என்று அவர் நிதானமாக, காபி டம்ளரை ஆற்றிக்கொண்டே, விரித்துரைத்தபோது, நான் மனத்திற்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுமார் 2029 வந்தது. பெண்ணுக்கு அதற்குள் கல்யாணமே ஆகிவிடலாம்.

அவருடைய வேறு குணவிசேஷங்களைச் சொல்ல இடமில்லை. எந்த இயந்திரத்தைக் கண்டாலும் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிடுவார். கழற்றிய நான்கு திருகுகளில் மூன்றைத்தான் திரும்பப் போடுவார். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரும் தகடில்லாமல் திறந்த மேனியாகத்தான் நிற்கிறது. சரியான போர்டு சரியான விலைக்கு வருவதற்காக அவரும் காத்திருக்கிறார். உபதேசம் ஒன்று, நடத்தை ஒன்று என்று அவரை யாரும் குறை சொல்லிவிட முடியாது.

நியாயமாகப் பேசினால், இந்தப் பொறுமைச் சாஸ்திரம் ஒரு காலத்தில் சத்தியமாகவே பலித்த சாஸ்திரம். ஒரு சில்லில் அடங்கும் உறுப்புகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் இரட்டிக்கும் என்று 1965-இல் கார்டன் மூர் கணித்ததும், 1975-இல் அதை இரண்டாண்டுக்கு ஒருமுறை என்று அவரே திருத்திக்கொண்டதும், உலகம் ஏறக்குறைய அந்தக் கணக்குப்படியே நடந்துவந்ததும் யாவரும் அறிந்தவை. நம் நாட்டிலோ, 1997-இல் இந்தியா தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்கான சர்வதேச உடன்படிக்கையில் சேர்ந்து, 2005-க்குள் சுங்க வரியைப் படிப்படியாகப் பூஜ்யமாக்கியபடியால், காத்திருந்தவனுக்கு இரட்டை லாபம். அந்த நாளில் வாலிபராக இருந்து, பொறுத்துப் பொறுத்து மலிவாக வாங்கி, அவசரப்பட்ட நண்பர்களைப் பார்த்துப் புன்னகை புரிந்தவர் இவர். அந்தப் புன்னகையை இன்னும் கைவிட மனம் வரவில்லை.

இவரைப் போன்றவர்கள் சேர்ந்து ஒரு கம்பெனியையே கவிழ்த்திருக்கிறார்கள் என்பதும், கவிழ்ந்தவர் நம் திருவண்ணாமலையில் வளர்ந்த பிள்ளை என்பதும் பலருக்குத் தெரியாது. ரமண மகரிஷியின் பக்தரான ஆர்தர் ஆஸ்பர்னின் மகன் ஆடம் ஆஸ்பர்ன், 1981-இல் அமெரிக்காவில் சுமார் 11 கிலோ எடையுள்ள, ஆனால் கைப்பிடி பிடித்துத் தூக்கிச் செல்லக்கூடிய ஒரு கம்ப்யூட்டரை 1,795 டாலருக்கு விற்றுப் பெரும்புகழ் அடைந்தார். 1983-இல், இதைவிடச் சிறந்த அடுத்த மாடல் வருகிறது என்ற செய்தி பரவியதும், வாங்க இருந்தவர்களெல்லாம் "வரட்டும், பார்க்கலாம்" என்று கையைக் கட்டிக்கொண்டார்கள். செப்டம்பரில் கம்பெனி திவால். வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு என்று ஆராய்ந்தவர்கள் சொல்வார்கள். ஆயினும் முன்கூட்டி அறிவித்து வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்வதற்கு இன்றளவும் அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஆஸ்பர்ன் 2003-இல் கொடைக்கானலில் காலமானார். நம்மவரிடம் இந்தச் சரித்திரம் முழுவதையும் ஒருநாள் சொன்னேன். உன்னிப்பாகக் கேட்டுவிட்டு, "அந்த அடுத்த மாடல் அப்புறம் என்ன விலைக்கு வந்தது?" என்றார்.

அவர்மீது கோபம் நிலைக்கவும் மாட்டேன் என்கிறது. ஐப்பசி மழையில் மின்சாரம் போய்ப் போய் வந்த ஓர் இரவு, எங்கள் பழைய பெட்டி மூன்று முறை கூவிவிட்டு அடங்கிப் போயிற்று. விடிந்தால் பெண் பிராஜெக்ட் சமர்ப்பிக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குடையோடு வந்தார். செல்போன் வெளிச்சத்தில் ராம் பட்டையைப் பிடுங்கி, பெண்ணின் பென்சில் பெட்டியிலிருந்து ரப்பரை வாங்கி, அதன் பொன்னிறப் பற்களைப் பால்பல்லுக்கு வலிக்குமோ என்று அஞ்சுகிறவர் மாதிரி மெதுவாக ஒரே திசையில் தேய்த்து, தூசியை வாயால் ஊதாமல் (எச்சில் பட்டால் துரு ஏறுமாம்) சட்டை நுனியால் துடைத்து, திரும்பப் பொருத்தி, பொத்தானை அழுத்தினார். திரை எழுந்தது. ஐந்து காசு வாங்கவில்லை. "அண்ணா, இந்த உதவியை மறக்கவே மாட்டேன்" என்று என் மனைவி கண்கலங்கியபோது, "பார்த்தீங்களாம்மா, இது இன்னும் ஒரு வருஷம் ஓடும்! எதுக்குப் புதுசு?" என்றார்.

ஓடவில்லை. கார்த்திகையில் போர்டே போய்விட்டது. அதற்குள் ராம் விலை ஏறத் தொடங்கியிருந்தது. செயற்கை நுண்ணறிவுக்கான ராட்சதக் கணினிக் கூடங்களுக்கு நினைவகச் சில்லுகளை விற்பதில் லாபம் அதிகம் என்று கண்டுகொண்ட சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்னும் மூன்று கம்பெனிகளும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. மைக்ரானோ, குரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த சில்லறை வியாபாரத்தையே விட்டுவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. ஆடியில் கேட்ட விலைக்கு இரு மடங்குக்கு மேல் சொல்கிறார்கள். 30,000-க்குள் அடங்கியிருந்த பட்டியல் அடங்க மறுக்கிறது.

இதில் எனக்குள்ள வருத்தத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பெண் இப்போது பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குப் பணம் கொடுத்து உட்கார்ந்து படிக்கிறாள். இரவு ஒன்பது மணி வரை நான் வெளியே பெஞ்சில் கொசுக்கடியில் காத்திருக்கிறேன். குழுக் கணக்கு நோட்டில் எழுதப்படுகிறது. அதிக விலைக்கு வாங்கி ஏமாந்தால் ஊர் முழுக்கச் சிரிப்பார்கள். வாங்காமலே ஏமாந்தவன் நஷ்டத்துக்குச் சாட்சி கிடையாது, ஆகவே அதைச் சொன்னவர்மேல் வழக்கும் கிடையாது. காபி குடித்துவிட்டுச் சொல்கிற யோசனைக்குப் பில்லும் இல்லை, கியாரண்டியும் இல்லை.

எப்படியும் எட்டாம் தலைமுறைப் பழைய பெட்டி ஒன்றை, ராம் உள்ளேயே இருக்கும்படி பார்த்து, வாங்கிவிடுவது என்று நானும் மனைவியும் தீர்மானித்துவிட்டோம். செய்தி எப்படியோ அவருக்கு எட்டிவிட்டது. முதலில் "தை பிறக்கட்டும் சார்" என்றார். நான் பிடிவாதமாக இருப்பதைக் கண்டு, நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, "சரி, தனியாப் போனா உங்களை ஏமாத்திடுவான், நானும் கூட வர்றேன்" என்று இரங்கினார். ஒரே ஒரு நிபந்தனை: மற்ற நாள்களில் அவருக்குச் சௌகரியப்படாது, ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியும். ரிச்சி தெருவில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் திறப்பதில்லை.