கெவினுக்கு வந்த சோதனை

கேள்வி: ‘கெவின்’ அமெரிக்கப் பெயர்தானே?

பதில்: இல்லை, அசல் அயர்லாந்துச் சரக்கு! ‘கீவீன்’ என்ற ஐரிஷ் பெயரின் ஆங்கில வடிவம் அது. ‘கீவ்’ என்றால் மென்மை, அன்பு. ஆறாம் நூற்றாண்டில் விக்லோ மலைப் பள்ளத்தாக்கான கிளெண்டலாக்கில் மடம் நிறுவிய துறவி புனித கெவின். கை விரித்து ஜெபித்துக்கொண்டிருந்தபோது உள்ளங்கையில் ஒரு கரும்பறவை முட்டையிட்டதாம். குஞ்சு பொரிக்கும்வரை மனிதர் கையை அசைக்கவே இல்லை என்கிறது கதை. என்ன மனசு!

இந்தச் சாதுவின் பெயர் 1990-இல் ஹாலிவுட் ஏறியது. ‘ஹோம் அலோன்’ படத்தின் குறும்புப் பையன் கெவின். அதே ஆண்டு ‘டான்சஸ் வித் வுல்வ்ஸ்’ நாயகன் கெவின் காஸ்ட்னர். அடுத்த ஆண்டே பிரான்சில் ஆண் குழந்தைகளுக்கு அதிகம் சூட்டப்பட்ட பெயர் கெவின்தான். ஜெர்மனியிலும் அதே மோகம்.

ஏறிய வேகத்திலேயே இறங்கியது மவுசு. படிக்காத வீட்டுப் பிள்ளையின் பெயர் என்று முத்திரை குத்தினார்கள். 2009-இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழக ஆய்வு தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடம் கருத்துக் கேட்டது. அதில் ஒருவர், “கெவின் பெயரல்ல, நோய்க்குறி” என்ற பொருளில் எழுதிக்கொடுத்தார். பெயரைப் பார்த்தே பிள்ளையை எடைபோடுவது பெரிய அநியாயம்.

அந்தக் கெவின்கள் இப்போது முப்பதைத் தாண்டிவிட்டார்கள். 2022 தேர்தலில் இரண்டு கெவின்கள் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கே போய்விட்டார்கள்!